ஊர்ப் பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்புவோர் ஏமாளிகளா?

முதலாந் தரத்துக்கு விண்ணப்பம் கோரப்படும் காலம் வந்துவிட்டால் ஆண்டுதோறும் எமது சமூகத்தில் ஒருவகைக் காய்ச்சல் பரவத் தொடங்கிவிடும். ஐந்து வயது நிரம்பாத பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைக் கையில் ஏந்திக்கொண்டு தாயும் தந்தையும் கிராம அலுவலரிடம் ஓடுவர், நொத்தாரிசிடம் ஓடுவர், தெரிந்த அரசியல்வாதியின் செயலாளரிடம் ஓடுவர். தூரத்து உறவிலாவது பழைய மாணவர் எவரேனும் உளரா என்று வம்சாவளியை ஆராய்வர். இந்த ஓட்டத்தில் கலந்துகொள்ளாது, வீட்டிலிருந்து பத்து நிமிட நடைதூரத்தில் இருக்கும் அரசினர் ஆரம்பப் பாடசாலையில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு அமைதியாக வீடு திரும்பும் பெற்றோரும் இருக்கின்றனர். அவர்களிடம் அயலார் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "ஏன், வேறை இடம் ஒண்டும் கிடைக்கேல்லையோ?"

கேள்வி சிறியது. அதற்குள் அடங்கியிருக்கும் ஏளனம் பெரியது. இடம் கிடைக்காதவர்களும், பணம் இல்லாதவர்களும், விபரம் தெரியாதவர்களுமே ஊர்ப் பாடசாலையை நாடுவர் என்பது அதன் உட்பொருள். இந்த எண்ணம் அயலவரின் வாயில் ஏளனமாகத் தொடங்கி, கல்வி அலுவலகங்களின் கோப்புகளில் கொள்கையாக முடிகிறது என்பதே எனது கவலை. "பெற்றோர் விரும்புவதில்லை, ஆதலால் மாணவர் தொகை குறைகிறது, ஆதலால் பாடசாலையை மூடிவிடலாம்" என்று மூன்றே வரிகளில் ஒரு வாதம் ஆயத்தமாக இருக்கிறது. அந்த வாதத்தின் முதல் வரியே பொய். அதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விரும்பிச் சேர்ப்போர்

பத்திரிகைப் பணியின் நிமித்தம் வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் எத்தனையோ சிறிய பாடசாலைகளின் வாசல்களில் நின்றிருக்கிறேன். அங்கே பிள்ளைகளைச் சேர்த்த பெற்றோருள் வேறு வழியில்லாதவர் பலர் என்பது உண்மை. ஆனால் வழியிருந்தும், வருமானமிருந்தும், ஆராய்ந்து பார்த்து ஊர்ப் பாடசாலையைத் தெரிவு செய்தோரும் அங்கே இருந்தனர். அவர்கள் கூறிய காரணங்கள் எந்தக் கல்விமானின் ஆய்வுரைக்கும் குறைந்தவை அல்ல.

முதலாவது காரணம் பிள்ளையின் உடம்பு. பட்டணத்துப் பாடசாலைக்குச் செல்லும் ஐந்து வயதுப் பிள்ளையின் நாள் அதிகாலை ஐந்து மணிக்குத் தொடங்குகிறது. நித்திரை கலையாத பிள்ளைக்குச் சப்பாத்து மாட்டப்படுகிறது. வாயில் திணிக்கப்பட்ட பாண் துண்டை விழுங்குவதற்கு முன்னரே வான் வாசலில் வந்து நின்று ஒலியெழுப்புகிறது. பத்துப் பேருக்குரிய வானில் இருபது பிள்ளைகள். ஏழரை மணிக்கு வகுப்புத் தொடங்கும்போது அப்பிள்ளை ஏற்கெனவே களைத்துவிடுகிறது. சிறிய வகுப்புகள் பெரிய வகுப்புகளுக்கு முன்னரே கலைந்துவிடும். ஆனால் வானோ பெரிய வகுப்புகளும் கலைந்த பின்னரே புறப்படும். அதுவரையும் அந்தப் பிள்ளை மதிலோரத்தில் புத்தகப்பையை அணைத்தபடி குந்தியிருக்கும். ஊர்ப் பாடசாலைக்கு நடந்து செல்லும் பிள்ளையோ விடிந்தபின் எழுந்து, இருந்து சாப்பிட்டு, தோழரோடு கதைத்துக்கொண்டு போய், மதியத்துக்குள் வீடு வந்து சேர்ந்துவிடும். நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று மணித்தியாலம் என்று கணக்கிட்டால், ஐந்தாண்டுகளில் ஒரு பிள்ளையின் வாழ்விலிருந்து வான் தின்றுவிடும் நேரம் எவ்வளவு என்பதை வாசகர்களே பெருக்கிப் பார்க்கலாம்.

இரண்டாவது காரணம் ஆசிரியையின் கண். பெயர்பெற்ற பாடசாலைகளில் முதலாந் தர வகுப்பொன்றில் நாற்பது பிள்ளைகள் வரை இருப்பர். சிபாரிசுக் கடிதங்கள் அத்தொகையையும் தாண்டச் செய்யும். ஊர்ப் பாடசாலையின் வகுப்பில் பன்னிரண்டு பேர், பதினைந்து பேர். 'அ' எழுதத் தெரியாத பிள்ளை எது, எழுதத் தெரிந்தும் எழுதாதிருக்கும் பிள்ளை எது, நேற்று வீட்டில் சண்டை நடந்ததால் வாடியிருக்கும் பிள்ளை எது என்பன அந்த ஆசிரியைக்குத் தெரியும். நாற்பது பேருள் முப்பத்தொன்பதாவதாக இருக்கும் பிள்ளையை எந்தச் சிறந்த ஆசிரியையாலும் நாள்தோறும் பார்க்க முடியாது. பெரிய பாடசாலைகளின் ஆசிரியர்களைக் குறை சொல்வதற்காக இதனைக் கூறவில்லை. நாற்பதை ஒன்றாற் பிரித்தால் வரும் விடை அது.

மூன்றாவது காரணம் பெற்றோரின் உரிமை. வலிகாமத்துக் கிராமமொன்றில் மேசன் தொழில் செய்யும் தந்தை ஒருவர் கூறியது நினைவிருக்கிறது. "ஐயா, இந்தப் பள்ளிக்கூடத்திலை நான் சாரத்தோடையே போய் அதிபரோடை கதைக்கலாம். ரவுண் பள்ளிக்கூடத்திலை வாசல் காவலாளியைத் தாண்டவே ஒருநாள் கூலி போயிடும்." பாடசாலை அபிவிருத்திச் சங்கம் என்பது சட்டப்படி பெற்றோருக்கும் ஆசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும் பொதுவான அமைப்பு. பெரிய பாடசாலைகளில் அது வைத்தியர்களதும் வர்த்தகர்களதும் சங்கமாகவே பெரும்பாலும் இயங்குகிறது. ஊர்ப் பாடசாலையிலோ கூலித் தொழிலாளியும் எழுந்து நின்று கணக்குக் கேட்கலாம்.

நான்காவது காரணம் பணம். சேர்க்கும்போது கட்டட நிதி, சேர்த்தபின் வான் கட்டணம், விளையாட்டுப் போட்டிக்குச் சேகரிப்பு, ஆசிரியர் தினத்துக்குச் சேகரிப்பு என்று பட்டியல் நீளும். அரச பாடசாலையில் கல்வி இலவசம் என்று 1945 முதல் நாம் பெருமை பேசி வருகிறோம். அந்தப் பெருமை முழுமையாகப் பொருந்துவது இன்று ஊர்ப் பாடசாலைகளுக்கே.

ஒரே புத்தகம், ஒரே பாடத்திட்டம்

இத்தனை பாடுபட்டுப் பெரிய பாடசாலையொன்றில் பெற்றுக்கொள்ளும் பொருள்தான் என்ன? தரம் ஒன்று முதல் ஐந்து வரைக்கும் நாடெங்கும் ஒரே பாடத்திட்டம். அதனை மஹரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் வகுக்கிறது. ஒரே பாடநூல், அது 1980 முதல் இலவசமாக வழங்கப்பட்டு வருகிறது. சீருடைத் துணியும் 1993 முதல் அரசே தருகிறது. ஊர்ப் பாடசாலையின் ஆசிரியையும் பட்டணத்துப் பாடசாலையின் ஆசிரியையும் பெரும்பாலும் ஒரே கல்வியியற் கல்லூரியில் பயின்று, ஒரே ஆசிரியர் சேவையில் சேர்ந்து, ஒரே சம்பளத் திட்டத்தில் ஊதியம் பெறுவோர்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1999 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக்கல்விச் சீர்திருத்தம், முதலிரு தரங்களில் விளையாட்டையும் செயற்பாட்டையும் முதன்மைப்படுத்தி, மேசையில் இருந்து எழுதும் வேலையைப் பின்னுக்குத் தள்ளியது. விளையாட்டுக்கு மாமர நிழலும் மணல் முற்றமும் போதும். மூன்று மாடிக் கட்டடமும் நீச்சல் தடாகமும் ஆறு வயதுப் பிள்ளையின் கல்விக்குத் தேவையானவை என்று எந்தச் சீர்திருத்த அறிக்கையும் கூறவில்லை. விஞ்ஞான ஆய்வுகூடமும் பெரிய நூலகமும் தேவைப்படும் வயது வரும்போது பெரிய பாடசாலையைத் தேடிச் செல்வதில் நியாயமுண்டு. ஐந்து வயதில் அவ்வாறு தேடிச் செல்வோர் தேடுவது கல்வியை அன்று, பாடசாலையின் பெயரை. திருமணப் பேச்சிலும் வெளிநாட்டுச் சங்கத்தின் இராப்போசன விருந்திலும் அப்பெயருக்கு மதிப்பு இருக்கலாம். அந்த மதிப்பைச் சம்பாதிக்கும் வேலையை ஒரு குழந்தையின் நித்திரையிலிருந்து தொடங்குவது முறையா?

அண்மை என்பது விற்பனைப் பொருளான கதை

இனி அரசின் பங்குக்கு வருவோம். அகில விராஜ் காரியவசம் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், 2016-இல், 'அருகிலுள்ள பாடசாலையே சிறந்த பாடசாலை' என்ற வேலைத்திட்டம் அறிவிக்கப்பட்டது. கட்டடங்கள் எழுந்தன, நாடாக்கள் வெட்டப்பட்டன, பெயர்ப் பலகைகள் திறந்து வைக்கப்பட்டன. மகுட வாசகம் பிழையன்று. ஆனால் அதே அரசின் அனுமதிச் சுற்றறிக்கை வேறொரு பாடத்தைக் கற்பித்தது.

பல ஆண்டுகளாக அச்சுற்றறிக்கைகளில் காணப்பட்ட பங்கீட்டைப் பாருங்கள். பாடசாலைக்கு அண்மையில் வசிப்போரின் பிள்ளைகளுக்கு 50 வீதம். பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25 வீதம். ஏற்கெனவே அங்கு கற்போரின் சகோதரருக்கு 15 வீதம். கல்வித்துறைப் பணியாளர், இடமாற்றம் பெற்ற உத்தியோகத்தர், வெளிநாட்டிலிருந்து திரும்பியோர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு எஞ்சியவை. கால்வாசி இடம் பிறப்புரிமையாகிவிடுகிறது. தந்தை படித்த பாடசாலையில் மகனுக்கும் இடம் என்பது அரச சொத்தை முதுசமாக எழுதிக் கொடுப்பதற்கு ஒப்பானது. பாட்டன் தோட்டத்தில் கொழுந்து கிள்ளியவனாயின், பேரனுக்கு அந்தக் கால்வாசியில் ஒரு கதவும் திறவாது.

மற்றைய அரைவாசியோ அண்மைக்கு உரியது. பிள்ளை தனது வீட்டுக்கு அருகில் கற்கவேண்டும் என்பதே நியாயம் என்று சுற்றறிக்கையை எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. வாக்காளர் இடாப்பு, காணி உறுதி, மின்சாரப் பட்டியல் ஆகியன சான்றாகக் கோரப்படுவது அதனாற்றான். ஆயினும் நடப்பது என்ன? பிள்ளையின் வீட்டுக்கு அருகில் நல்ல பாடசாலை வருவதற்குப் பதிலாக, பெயர்பெற்ற பாடசாலைக்கு அருகில் வீடு வந்து சேர்கிறது. உண்மை வீடு அன்று, கடதாசி வீடு. குத்தகை உறுதிகள் எழுதப்படுகின்றன. உறவினர் வீட்டு முகவரியில் வாக்காளர் பதிவு செய்யப்படுகிறது. முதலாந் தர அனுமதிக்காக இலஞ்சம் பெற்ற குற்றச்சாட்டில் அதிபர்கள் கைதான செய்திகள் எமது பத்திரிகைகளுக்குப் புதியனவல்ல. பொய் முகவரியோடு பாடசாலை வாழ்வைத் தொடங்கும் பிள்ளை, "விசாரிக்க வந்தால் இதுதான் எங்கள் வீடு என்று சொல்லு" என்று பெற்றோர் கற்றுக்கொடுத்த வசனத்தையே தனது முதற் பாடமாகப் படிக்கிறது.

நாட்டிலுள்ள அரச பாடசாலைகள் பத்தாயிரத்துக்குச் சற்று மேல். அவற்றுள் தேசிய பாடசாலைகள் நானூறை எட்டவில்லை. நானூறின் வாசலில் நிற்கும் வரிசையை எவ்வாறு ஒழுங்குபடுத்துவது என்று ஆண்டுதோறும் சுற்றறிக்கை எழுதும் அறிவு, மிகுதிப் பாடசாலைகளின் கதவுகளை எவ்வாறு கவர்ச்சியுடையவை ஆக்குவது என்று சிந்திப்பதில்லை. கல்விக்கான அரச செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் இரண்டு வீதத்தைச் சுற்றியே நிற்கும் நாட்டில் சிந்தனைக்கும் பஞ்சம் வருவது வியப்பன்று. ஆறு வீதம் கோரிப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் 2012-இல் வீதியில் இறங்கிய பின்னரும் நிலைமை பெரிதாக மாறவில்லை.

நெருக்கடி கற்பித்தது

ஊர்ப் பாடசாலையின் பெறுமதியை அண்மைக்கால வரலாறே இரண்டு தடவை நிரூபித்திருக்கிறது. கொவிட் தொற்றினால் நெடுங்காலம் மூடப்பட்டிருந்த பாடசாலைகளை 2021 ஒக்டோபரில் மீளத் திறக்க அரசு தீர்மானித்தபோது, முதலில் அனுமதி வழங்கப்பட்டது எவற்றுக்கு? இருநூறுக்குக் குறைந்த மாணவரைக் கொண்ட பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகளுக்கே. நெரிசல் இல்லாத வகுப்பறையும் நடந்து வரும் பிள்ளையும் அன்று அரசின் கண்ணுக்குப் பாதுகாப்பாகத் தெரிந்தன.

அடுத்த ஆண்டு எரிபொருள் நெருக்கடி வந்தது. 2022 யூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவுக்கு ஏறியது. அந்த விலைக்கும் அது கிடைக்கவில்லை. கொழும்பிலும் ஏனைய பெரு நகரங்களிலும் பாடசாலைகளை மூட நேர்ந்தது. போக்குவரத்துச் சிக்கல் இல்லாத கிராமப்புறப் பாடசாலைகள் நடைபெறலாம் என்று அறிவிக்கப்பட்டது. வான்கள் வரிசையில் நின்றன. பெயர்பெற்ற பாடசாலைகளின் வாசல்கள் பூட்டிக் கிடந்தன. ஒழுங்கைக்குள் இருக்கும் ஊர்ப் பாடசாலைக்குப் பிள்ளைகள் நடந்து போய்ப் படித்துவிட்டு வந்தனர். மதிய உணவுத் திட்டம் இயங்கிய பாடசாலைகளில், ஊர்த் தாய்மார் சமைத்த சோறும் பருப்பும் கீரையும் அந்த நாட்களில் எத்தனை வயிறுகளுக்கு நாளின் முழுமையான ஒரே உணவாக இருந்தன என்பதை அவ்வூர் ஆசிரியர்களைக் கேட்டால் கூறுவர். அடுத்த நெருக்கடி எப்போது வரும் என்று எவராலும் கூற முடியாது. வரும்போது எந்தப் பாடசாலை திறந்திருக்கும் என்பது தெரியும்.

வாய்விட்டுச் சொல்லப்படாத காரணம்

இதுவரை கூறியவற்றை ஒப்புக்கொள்ளும் வாசகர்களும் இனிக் கூறப்போவதைக் கேட்டு முகஞ்சுளிக்கக்கூடும். யாழ்ப்பாணத்தில் ஊர்ப் பாடசாலையை விட்டுப் பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்பும் பெற்றோர் எல்லோரும் கல்வித் தரத்தை மட்டுமே எண்ணி அனுப்புகின்றனர் என்று நான் நம்பவில்லை. "அந்தப் பள்ளிக்கூடத்திலை படிக்கிறது ஆரெண்டு தெரியும்தானே" என்று குரலைத் தாழ்த்திக் கூறுவோரை எமது ஊர்களில் இன்றும் காணலாம். குரல் தாழ்வதற்குக் காரணம், சொல்லப்படுவது சாதி என்பதே.

இந்த நோய்க்கு வரலாறு உண்டு. ஒடுக்கப்பட்ட சமூகங்களின் பிள்ளைகளை நிலத்தில் இருத்திப் படிப்பித்த காலம் ஒன்று இருந்தது. அப்பிள்ளைகளுக்கும் வாங்கில் சம ஆசனம் வழங்க வேண்டும் என்று அரசு 1930-ஆம் ஆண்டை ஒட்டிப் பணித்தபோது, அதனைப் பொறுக்காதவர்கள் பாடசாலைகளுக்குத் தீ வைத்தனர். யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் போன்ற அமைப்புகள் சம ஆசனத்துக்கும் சம போசனத்துக்கும் ஆதரவாகக் குரல் கொடுத்தமையையும் அதே வரலாறு பதிந்து வைத்திருக்கிறது. இன்று எவரும் பாடசாலைக்குத் தீ வைப்பதில்லை. தமது பிள்ளையை அங்கிருந்து எடுத்துக்கொண்டு போய்விடுகின்றனர். மாணவர் தொகை குறைகிறது. ஆசிரியர் வளம் குறைகிறது. ஈற்றில் பாடசாலை மூடப்படுகிறது. தீயினால் முடியாததை வருகைப் பதிவேடு முடித்துவைக்கிறது.

தூரப் பாடசாலைக்கு அனுப்பும் பெற்றோர் யாவரையும் இக்குற்றச்சாட்டுக்குள் அடக்கவில்லை. ஆனால் ஊர்ப் பாடசாலையைத் தெரிவு செய்யும் பெற்றோருள் சிலர், அந்த வாங்கில் தமது பிள்ளை எல்லாருடைய பிள்ளையோடும் அமரவேண்டும் என்று தெரிந்தே தெரிவு செய்கின்றனர் என்பதையும் நான் கண்டிருக்கிறேன். அவர்களை ஏமாளிகள் என்று அழைப்போர் முதலில் கண்ணாடியில் தமது முகத்தைப் பார்க்கட்டும்.

புலமைப்பரிசில் என்னும் சாக்கு

"எல்லாம் சரி, ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் ஊர்ப் பாடசாலை எத்தனை பேரைச் சித்தியெய்த வைக்கிறது?" என்று கேட்பர். இலவசக் கல்வியின் தந்தை எனப்படும் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் காலத்தில், வறிய கிராமப் பிள்ளைக்கு விடுதியோடு கூடிய மத்திய கல்லூரியில் இடமளிக்கும் ஏணியாக உருவானதே அத்திட்டம். கிராமத்திலேயே ஐந்தாண்டு படித்த பிள்ளைக்காக வைக்கப்பட்ட ஏணி அது. இன்று ஏறத்தாழ மூன்று இலட்சம் பிள்ளைகள் ஆண்டுதோறும் அதில் முண்டியடிக்கின்றனர். வெட்டுப்புள்ளியைத் தாண்டாத பெரும்பான்மையோர் பத்து வயதிலேயே தோற்றவர் என்ற முத்திரையோடு வீடு திரும்புகின்றனர்.

ஊர்ப் பாடசாலைக்கு எதிராக இப்பரீட்சையைக் காட்டுவோரின் தர்க்கம் எனக்கு விளங்கவில்லை. ஆறாந் தரத்தில் பெரிய பாடசாலைக்குப் போவதற்கு அரசே ஒரு கதவை வைத்திருக்கிறதாயின், ஐந்து வயதில் பின்மதிலால் ஏறிக் குதிக்கவேண்டிய அவசரம் என்ன? பெயர்பெற்ற பாடசாலைகளின் உயர்ந்த சித்தி வீதத்துக்கும் காரணம் தேடவேண்டும். மூன்றாந் தரத்திலிருந்தே மாலையில் ரியூசன், சனி ஞாயிறில் கருத்தரங்கு என்று பெற்றோர் செலவிடும் பணத்தின் அறுவடையைப் பாடசாலை தனது வெற்றியாகப் பதாகையில் எழுதிக் கட்டுகிறது. முதலிடம் பெற்ற பிள்ளையின் படத்தை முன்பக்கத்தில் போடும் பத்திரிகைகள், அப்பிள்ளை கடந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை மாலை விளையாடியது என்று ஒருமுறையேனும் கேட்டு எழுதட்டும்.

மூடுவதற்கு முன்

ஊர்ப் பாடசாலைகள் யாவும் குறையற்றவை என்று நான் வாதிட வரவில்லை. ஓர் ஆசிரியை இரண்டு, மூன்று வகுப்புகளை ஒன்றாக வைத்துப் படிப்பிக்கும் பாடசாலைகள் உண்டு. ஆங்கில ஆசிரியரைக் கண்டிராத பாடசாலைகள் உண்டு. மலசலகூடத்துக்குக் கதவில்லாத, குடிதண்ணீருக்கு அயல் வீட்டுக்குப் பிள்ளை ஓடும் பாடசாலைகள் மலையகத் தோட்டங்களிலும் வன்னியிலும் உண்டு. அத்தகைய இடத்திலிருந்து பிள்ளையை எடுத்துச் செல்லும் தாயை எவரும் குறைகூற முடியாது. குறைகூறப்பட வேண்டியவர் அந்தப் பாடசாலைக்கு நியமனம் பெற்று, மறுமாதமே செல்வாக்கினால் இடமாற்றம் பெற்றுச் செல்பவரும், அந்த இடமாற்றத்தில் கையொப்பமிடுபவருமே. ஊர்ப் பாடசாலையில் சம்பளம் பெற்றுக்கொண்டு தமது பிள்ளையைப் பட்டணத்தில் சேர்த்திருக்கும் ஆசிரியரைப் பார்த்தும், கோட்டத்திலும் வலயத்திலும் அமர்ந்து ஊர்ப் பாடசாலையின் பெருமையைப் பேசும் அதிகாரிகளைப் பார்த்தும் ஊரவர் கேட்கும் கேள்வி நேரானது: "உங்கடை பிள்ளை எங்கை படிக்குது?"

இலங்கையில் பிறப்பு வீதம் வேகமாகக் குறைந்து வருகிறது. 2020-இல் மூன்று இலட்சத்தைத் தாண்டியிருந்த பதிவு செய்யப்பட்ட பிறப்புகள், 2024-இல் இரண்டு இலட்சத்து இருபதாயிரம் என்ற அளவுக்கு இறங்கிவிட்டன. ஐம்பதுக்குக் குறைந்த மாணவரைக் கொண்ட பாடசாலைகள் ஏற்கெனவே ஆயிரத்துக்கு மேல் உள்ளன. 'இணைத்தல்' என்ற இனிய சொல்லோடு கோப்புகள் இனி வேகமாக நகரும். கணக்காளரின் கண்ணுக்கு ஒரு பிள்ளைக்கான செலவு மட்டுமே தெரியும். பாடசாலை மூடப்பட்ட மறுநாள் நடப்பதை அவர் பார்க்கமாட்டார். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தந்தையின் மோட்டார் சைக்கிளில் ஏறி அடுத்த ஊருக்குப் போகும். விதவைத் தாயின் பிள்ளையும், கூலிக்குப் போகும் பெற்றோரின் பிள்ளையும், நடக்கச் சிரமப்படும் மாற்றுத்திறனாளிப் பிள்ளையும் சில நாள் நடந்து, சில நாள் நின்று, பின்னர் நின்றேவிடும். கட்டாயக் கல்வி வயது பதினாறு என்று சட்டம் கூறிக்கொண்டிருக்கும்.

ஆதலால் கோரிக்கைகள் சிலவற்றைத் தெளிவாக முன்வைக்கிறேன். மாணவர் தொகையை மட்டும் காட்டி எந்த ஆரம்பப் பாடசாலையையும் மூடக்கூடாது. மூடுவதாயின் அங்கு எஞ்சியிருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நடைதூரத்தில் மாற்றிடம் உண்டென்பதை ஊர்க்கூட்டத்தில் முதலில் நிறுவவேண்டும். ஆரம்பப் பிரிவுக்கு நியமனம் பெறும் ஆசிரியர் ஒரு வகுப்பை ஐந்தாந் தரம் வரை கொண்டுசென்று விடும்வரையாவது இடமாற்றம் இன்றிப் பணியாற்ற வேண்டும். அதற்கேற்ற கஷ்டப்பிரதேசக் கொடுப்பனவையும் தங்குமிடத்தையும் அரசு வழங்கவேண்டும். பழைய மாணவர் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டை நீக்கவேண்டும். வெளிநாடுகளிலுள்ள பழைய மாணவர் சங்கங்கள், ஏற்கெனவே மூன்று மாடி உள்ள கல்லூரிக்கு நான்காவது மாடி கட்டுவதற்கு முன், தாம் முதன்முதல் 'அ' எழுதிய சிறிய பள்ளிக்கூடத்தின் கூரையைப் பார்க்கவேண்டும். அமெரிக்க மிஷனும், கத்தோலிக்கத் திருச்சபையும், 1923-இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கமும் ஒழுங்கைக்கு ஒழுங்கை ஓலைக் கொட்டிலில் தொடங்கிய பாடசாலைகள் அவை. 1960-ஐ அடுத்து அரசு பொறுப்பேற்றபோது அப்பாடசாலைகள் பொதுச் சொத்தாயின. பொதுச் சொத்தென்றால் எவருக்கும் பொறுப்பில்லாத சொத்து என்று நாம் பொருள்கொண்டுவிட்டோம்.

பெற்றோருக்கு ஒன்று கூறி முடிக்கிறேன். விண்ணப்பப் படிவத்தை நிரப்புவதற்கு முன் ஒருநாள் காலை உங்கள் ஊர்ப் பாடசாலைக்குள் சென்று பாருங்கள். எத்தனை ஆசிரியர், எத்தனை பிள்ளைகள், எந்தப் பிள்ளை வாசிக்கிறது, எது வாசிக்கவில்லை என்று கேளுங்கள். குறையிருந்தால் வலயக் கல்விப் பணிப்பாளருக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் பத்துப் பெற்றோராகச் சென்று அவரது மேசைக்கு முன் நில்லுங்கள். கடதாசி வீட்டுக்கும் நொத்தாரிசுக்கும் செலவிடும் பணத்திலும் அலைச்சலிலும் கால்வாசியை உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குச் செலவிட்டால் போதும். பத்துக் குடும்பம் சேர்ந்து நின்றால் அப்பாடசாலைக்கு ஆசிரியர் வருவார். பத்துக் குடும்பம் கலைந்து போனால், எஞ்சி நிற்கும் ஏழைப் பிள்ளையோடு சேர்த்து அந்தப் பாடசாலையும் கணக்கிலிருந்து வெட்டப்படும்.